அண்ணனின் பஞ்சாங்கம்

அத்தியாயம் 17

வில்லாபுரத்து வீட்டு வாசலிலிருந்து ஆட்டோ புறப்பட்டுப் போனதைப் போன வாரம் பார்த்தோம். உள்ளே சாருலதா. பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாள் காலையில் அது பொய்யாகிப்போனது. அவள் சேலையில் ரத்தத்தைப் பார்த்த மாமனார் சோலை, காலில் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். பக்கத்து வீட்டு சோணையம்மாள் துணைக்கு ஏறிக்கொண்டாள். மாமியார் தங்கப்பொண்ணு துணிமணி எடுத்துக்கொண்டு அடுத்த ஆட்டோவில் வருவதாகப் பேச்சு.

கட்டின புருஷன் சித்தார்த் ஊரில் இல்லை. ஆஸ்பத்திரி லேப் மெஷின்களைப் பழுது பார்க்கிற இன்ஜினீயர் அவன். நாகர்கோவிலில் ஏதோ மெஷின் நின்றுவிட்டது என்று விடியற்காலை ஐந்து மணிக்கே பஸ் ஏறிவிட்டான். அவன் செல்போனுக்கு அடித்தால் ஒரு பெண் குரல் அலுக்காமல் ஒன்றையே சொல்கிறது: தொடர்பு எல்லைக்கு வெளியே.

ஆக, வீட்டில் மிச்சம் இரண்டு பேர். பையில் பழைய சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு ஒருத்தி. இன்னொருத்தி அவள் மகள், சித்தார்த்தின் தங்கை முத்துமீனா. மீனாவுக்கு அவனியாபுரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள். 

மணி ஒன்பதே முக்காலுக்கு போன் அடித்தது.

“மீனா, நாந்தேன் ஆத்தா.” சோலைதான். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற காயின் பூத்திலிருந்து பேசினார். “மதினிக்கு ரத்தம் நிக்கல. ஆப்பரேசன் பண்ணணுங்கிறாக. ரெண்டு பாட்டில் ரத்தம் வேணுமாம். அந்தப் பாழாப்போன ரத்தம்தேன்.”



சாருலதாவின் ரத்தம் லேசில் கிடைக்கிற ரத்தம் இல்லை. பாம்பே குரூப் என்று பேர். பத்தாயிரம் பேரில் ஒருத்தருக்கு இருந்தால் பெரிது. மற்ற யார் ரத்தமும் அவளுக்குச் சேராது, அதே ரத்தக்காரர்தான் கொடுக்க வேண்டும். காலேஜில் நடந்த ரத்ததான முகாமில்தான் அது அவளுக்கே தெரியவந்தது. முகாமை நடத்தியவன் சித்தார்த். பரிசோதனைச் சீட்டைப் பார்த்தான், நிமிர்ந்து ஆளைப் பார்த்தான், அப்புறம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான். அந்தக் கதைதான் நமக்கு முதல் ஆறு வாரம் ஓடியது.

“ரத்த பேங்க்ல கேட்டீங்களாப்பா?”

“நாலு இடத்துல கேட்டாச்சு. எங்கயும் இல்ல. ‘இந்த ரத்தம் வேணும்னா நாங்களே வில்லாபுரம் சித்தார்த்துக்குத்தான் போன் போடுவோம்’கிறாரு ஒருத்தரு. அவன் பொண்டாட்டிக்குத்தாம்யா கேக்குறேன்னேன். மனுசன் வாயடைச்சுப் போயி நிக்கிறாரு.”

“எம்புட்டு நேரம் இருக்கு?”

“மத்தியானம் ஒரு மணிக்குள்ள ரத்தம் கையில வேணுமாம். அதுக்கு மேல தாங்காதுன்னு…” இன்னொரு காசைப் போடுகிற சத்தம் கேட்டது. “கூடப் பொறந்தவுக இருக்காகளான்னு டாக்டரம்மா கேட்டாக. திருநகர்ல ஒரு அண்ணன் இருக்காருன்னு சொன்னேன். அந்தப் புள்ள ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே என் கையைப் புடிச்சுக்கிருச்சுத்தா. ‘மாமா, அந்த வீட்டு வாசலுக்கு மட்டும் போயிராதீங்க. உங்களை இன்னொரு தடவை வெளியில நிக்க வச்சா என்னால தாங்க முடியாது’ன்னுச்சு.”

மீனாவுக்கும் அந்த வாசல் ஞாபகம் இருந்தது. கல்யாணம் முடிந்த மறுவாரம் அப்பாவோடு பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தானே. சாருவின் அப்பா பட்டாபிராமன் துருப்பிடித்த கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, “எனக்குப் பொண்ணு கிடையாது” என்றார். பூட்டிய கேட் பூட்டியபடியே இருந்தது. அப்பாவும் மகளும் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“அந்த அண்ணனுக்கு அதே ரத்தம்னு யாரு கண்டது?” என்றார் சோலை. “ நீ சித்தார்த்தோட பஞ்சாங்கத்தைப் பாரு மீனா. அதுல லிஸ்ட்டு இருக்கும்ல. யாராச்சும் ரெண்டு பேரு…”

கீச்சென்று ஒரு சத்தம். காயின் போட்ட நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது.

*

பஞ்சாங்கம் என்றது சித்தார்த்தின் ஆர்கனைசரை. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கருவி. குச்சி போன்ற பேனாவால் அதன் திரையைத் தொட்டால் பேர், நம்பர், தேதி எல்லாம் வரும். எதைக் கேட்டாலும் அதைப் பார்த்துத்தான் பதில் சொல்வான் என்பதால் தங்கப்பொண்ணு வைத்த பேர் அது. நானூறு ரத்தக் கொடையாளிகள் அதற்குள் இருந்தார்கள்.

அது இப்போது பூஜைப் பலகையில், மீனாவின் பாடப் புத்தகங்களுக்கும் சோலையின் கொத்துக்கரண்டிக்கும் நடுவில் செவ்வந்திப் பூவோடு இருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சித்தார்த் அதை எடுக்கத்தான் போனான். “சாமிகிட்ட வச்சதை மறுபூசை முடியாம எடுக்கக் கூடாதுய்யா. ஒரு நாளைக்குத்தானே” என்று அம்மா தடுத்துவிட்டாள். அவனும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டுப் போனான்.

“எடு புள்ள. சாமி ஒண்ணும் சொல்லாது” என்று இப்போது அதே அம்மாதான் அவசரப்படுத்தினாள்.

மீனா பாய்ந்து எடுத்தாள். பூச்சரம் கருவியோடு சுற்றிக்கொண்டு வந்தது. ஒரு கையால் அதை உதறினாள், இன்னொரு கை நழுவியது. ஆர்கனைசர் குத்துவிளக்கின் அடித்தட்டில் போய் மோதித் தரையில் விழுந்தது.

“ஐயோ!”

திரையில் குறுக்கே விரிசல். பட்டனை அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. விரிசலுக்குப் பின்னால் ஒரு பேட்டரிப் படம், உள்ளே காலி. பேனாக் குச்சியால் தொட்டாள், குத்தினாள், கேட்கவில்லை. பத்து எண்ணுவதற்குள் திரை அணைந்துபோனது.

அண்ணன் ஒருதரம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. “இதுக்குள்ள இருக்குறது அம்புட்டும் பேட்டரி உசுரோட இருக்குற வரைக்குந்தான் மீனா. திரை அணைஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் புடிச்சு வச்சிருக்கும். அதுவும் போச்சுன்னா எல்லாம் அழிஞ்சு வெறும் டப்பாதேன்.” அதனால்தான் தினமும் தூங்கப் போகுமுன் அதை அதன் ஸ்டாண்டில் உட்கார வைப்பான். அந்த ஸ்டாண்டு வழியாகத்தான் சார்ஜும் ஏறும், அதன் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டருக்கு நகலும் போகும்.

இரண்டு நாளாக அது பூஜையில் அல்லவா உட்கார்ந்திருந்தது?

கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருக்க வேண்டியதுதான். ஆனால் பத்து நாளுக்கு முன்னால் வைரஸ் புகுந்து, கம்ப்யூட்டர் கடைக் கருத்தக்கண்ணன் வந்து அத்தனையையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ‘நம்ம கையில ஒண்ணு இருக்குல்ல, பூசை முடிஞ்சு ஏத்திக்கிரலாம்’ என்று சித்தார்த் மெத்தனமாக இருந்துவிட்டான்.

ஆக, உலகத்தில் அந்தப் பேர்கள் இருந்த ஒரே இடம், மீனா கீழே போட்டு உடைத்த அந்த டப்பாதான்.  நம்ம கையாலயே மதினியைக் கொன்னுட்டமோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது.

*

ஸ்டாண்டையும் பலகையிலிருந்து எடுத்தாள். ஒரு வயரைச் சுவர் பிளக்கில், இன்னொன்றைக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகி, ஆர்கனைசரை உட்கார வைத்தாள். தினமும் அண்ணன் வைத்தால் பச்சை விளக்கு எரியும். எரியவில்லை.

ஸ்டாண்டில் இருந்த பட்டனை அழுத்தினாள். எதுவும் நடக்கவில்லை. கம்ப்யூட்டர் வழியாகவும் முயன்று பார்த்தாள். இணைக்க முடியவில்லை, கருவி ஸ்டாண்டில் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள் என ஒரு கட்டம் வந்து நின்றது. மூன்று தடவை அதே கட்டம்.

கருத்தக்கண்ணனின் வீட்டுக்கு போன் போட்டாள். மறுமுனையில் ஒரே கூச்சல். மனிதர் கடைக்குப் பூஜை போட்ட பொரிகடலையைத் தெருவுக்கே பங்கு வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வில்லாபுரம் மீனா பேசுறேன். சித்தார்த் தங்கச்சி.” மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

கூச்சல் அடங்கியது. “எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கப்பா. தங்கச்சி, பதறாதீக. வயரை வேற ஓட்டையில மாத்திச் செருகுங்க.”

செருகினாள். எரியவில்லை.

“சுவர்ல கரண்ட் வருதான்னு பாத்தீகளா? டேபிள் ஃபேனைச் செருகிப் பாருங்க.”

ஃபேன் சுற்றியது. கரண்டு இருக்கிறது.

“அப்ப கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுங்க.”

அந்தக் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்திருக்க ஐந்து நிமிஷம் பிடிக்கும். சாதாரண நாளில் மீனா அதற்குள் காபி போட்டுவிடுவாள். இன்றைக்கு ஸ்க்ரீனில் ஒவ்வொரு படமாக வந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது. தங்கப்பொண்ணு மடித்த சேலையையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தது. பட்டனை அழுத்தினாள். அதே கட்டம்.

ரிசீவரைக் கீழே வைத்திருந்த நேரத்தில் சோலை மறுபடி கூப்பிட்டார். “கெடைச்சுச்சாத்தா?”

“பாத்துக்கிட்டே இருக்கேம்ப்பா.”

“பிரசர் கொறைஞ்சுக்கிட்டே போகுதாம். புள்ளையோட துடிப்பும்…” அதற்குள் சோணையம்மாள் வாங்கி, “சீக்கிரம் மீனா” என்று மட்டும் சொன்னாள்.

மீனா அழுதுகொண்டே கருத்தக்கண்ணனுக்கு மறுபடி அடித்தாள்.

“சரி, கடைசி வைத்தியம் ஒண்ணு இருக்கு” என்றார் அவர். “அதுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க. பவர் பட்டனை அமுக்கிக்கிட்டே, அந்த ஓட்டையில ஊக்கை வச்சு ஒரு குத்து. தானா முழிச்சுக்கிரும். நானே எத்தனையோ பேருக்குப் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

அம்மாவின் தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கை மீனா வாங்கிப் பிரித்தாள். கருவியைக் கவிழ்த்தாள். கட்டைவிரல் பவர் பட்டனில். ஊக்கின் நுனி ஓட்டையின் விளிம்பில் இறங்கியது.

“நில்லு!”

தங்கப்பொண்ணு அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அந்தப் பிடியில் மீனாவின் வளையல் ஒன்று நொறுங்கியது.

“குத்தாதடி. போன தையில தூசி தட்டுறப்ப அந்த ஓட்டையில நான் தொடப்பக் குச்சியை விட்டேன். உங்கண்ணன் இப்புடித்தான் ஓடியாந்து கையைப் புடிச்சான். ‘நீ என்ன வேணாலும் பண்ணும்மா, இந்த ஓட்டையை மட்டும் தொட்டுறாத. தப்பா அமுக்குனா உள்ள இருக்குறது பூராம் அழிஞ்சுபோகும்’னான்.”

மீனா ஊக்கைத் தூர எறிந்தாள். “அண்ணே, குத்துனா உள்ள இருக்குற நம்பரெல்லாம் அழிஞ்சிருமா?”

 “அது அழியும் தங்கச்சி. மிசினு பொழைச்சாப் போதும்னு நெனைச்சுட்டேன்” என்றார் கருத்தக்கண்ணன்.

மீனா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

*

உட்கார்ந்தபோதுதான் அந்த வாசனை வந்தது. சந்தனம்.

வீடே பூஜை வீடு, சந்தன வாசனை வந்தால் என்ன அதிசயம்? ஆனால் இது மூக்குக்குப் பக்கத்தில் வந்தது. மேஜையில், ஸ்டாண்டைச் சுற்றி, மஞ்சளாகப் பொடி உதிர்ந்து கிடந்தது. ஆர்கனைசரை எத்தனை தடவை எடுத்து எடுத்து வைத்தாளோ அத்தனை தடவையும் உதிர்ந்த பொடி.

கருவியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அதன் அடியில், ஸ்டாண்டில் பொருந்துகிற உலோகக் கோடுகளின் மேல், கச்சிதமாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். ஸ்டாண்டின் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். சின்னச் சின்ன உலோகப் பற்கள், அவற்றுக்கு நடுவில் காய்ந்து இறுகிய சந்தனம்.

“அம்மா.”

தங்கப்பொண்ணு கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள்.

“மருமக சொல்லத்தாண்டி செஞ்சுச்சு. ‘அத்தை, அது மேல பொட்டு வேணாம், எலக்ட்ரிக் சாமான்’னு. புள்ள நாள் பூராக் கையில வச்சிருக்குற சாமான், பொட்டு இல்லாம சாமிகிட்ட எப்புடி வைக்கிறதுன்னு எனக்கு மனசு கேக்கல. அடியில வச்சா யாருக்குத் தெரியும்னு…”

“ஸ்டாண்டுக்குமா?”

“அதானே அதுக்கு மணை. மணைக்கும் ஒரு பொட்டு வச்சேன்.” தங்கப்பொண்ணு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். “நானே என் மருமகளுக்குக் கொள்ளி வச்சுட்டேனா மீனா?”

மீனாவுக்கு ஆத்திரம் வந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? வாய் வரைக்கும் வந்த வார்த்தை ஒன்று இருந்தது. ஆனால் கையிலிருந்த திரையின் விரிசலையும் அவள் பார்க்க வேண்டியிருந்தது.

“நீ பொட்டு வச்ச. நான் கீழ போட்டேன். அழுகுறதை அப்பறம் பாத்துக்கிரலாம்மா. பழைய பல் பிரஷ் ஒண்ணு எடு. மதினிக்கு ஊசி போட வந்த நர்ஸக்கா விட்டுட்டுப் போன ஸ்பிரிட் அலமாரியில இருக்கும், அதையும் கொண்டா.”

பிளக்கைப் பிடுங்கினார்கள். கருவியின் அடியை மீனா ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். ஸ்டாண்டின் பற்களைத் தங்கப்பொண்ணு பிரஷ்ஷால் தேய்த்தாள். பல் வளைந்துவிடக் கூடாது, ஒரு துணுக்கும் தங்கிவிடக் கூடாது. முதல் தடவை பிரஷ் மஞ்சளாக வந்தது. மூன்றாவது தடவை வெறும் ஈரம் மட்டும் வந்தது. பேப்பரை விசிறிக் காயவைத்த இரண்டு நிமிஷமும் தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பதினொன்று நாற்பது. ஆர்கனைசரை ஸ்டாண்டில் இறக்கினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

“முருகா” என்று தங்கப்பொண்ணு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீனாவுக்கு இன்னும் நிம்மதி வரவில்லை. விளக்கு எரிவது சார்ஜ் ஏறுகிறது என்பதற்குத்தான் சாட்சி. உள்ளே பேர்கள் இன்னும் இருக்கின்றனவா, ஏற்கெனவே அழிந்துபோய்விட்டனவா?

ஏழு நிமிஷம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. திரை விழித்துக்கொண்டது, ஆனால் குச்சிக்குக் கேட்கவில்லை. இனி கம்ப்யூட்டர் வழியாகத்தான் பார்த்தாக வேண்டும். ஸ்டாண்டின் பட்டனை அழுத்தினாள். கிணுகிணுவென்று ஒரு சத்தம்.

கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டது. எதில் இருப்பதை எதற்கு நகல் எடுக்க வேண்டும்? கீழே பதில்கள். முதல் பதிலுக்கு நேராகக் கம்ப்யூட்டரே புள்ளி வைத்துத் தயாராக நின்றது. ஓகே அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அவள் விரல் மவுஸின் மேல் இருந்தது. ‘கேள்வியை ரெண்டு தடவை படிக்காம பதில் எழுதக் கூடாது’ என்று தினமும் பிள்ளைகளிடம் கத்துவது அவள்தான். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

முதல் பதில், கம்ப்யூட்டரில் இருப்பதைக் கருவியின் மேல் போடு என்றது.

கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை நானூறு பேரின் மேல் போட்டு மூடியிருப்பாள். புள்ளியை இரண்டாவது பதிலுக்கு மாற்றினாள். கருவியில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவா. மூன்றாம் தடவையும் படித்துவிட்டு அழுத்தினாள்.

ஒரு நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிந்தது. பேர்கள் வந்து கொட்டின.

*

பாம்பே என்று தேடினாள். மூன்று பேர்.

முதல் ஆள் சின்னச்சாமி, கீழக்குயில்குடி. நம்பர் பக்கத்து வீட்டுக்காரருடையது. யாரோ ஒரு பெண் எடுத்து, தெருவுக்கே கேட்கும்படி அவரைக் கூவி அழைத்தாள். “சித்தார்த் தம்பி சம்சாரத்துக்கா? இந்தா சட்டையைப் போட்டுட்டேன், வண்டியை எடுத்துட்டேன்” என்றார் சின்னச்சாமி. ஆஸ்பத்திரிப் பேரைக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். ஒரு பாட்டில் ஆயிற்று.

இரண்டாவது, திண்டுக்கல்லில் ஒரு டீச்சர். போன மாதம்தான் கொடுத்தாளாம். “மறுபடியும் எடுப்பாங்கன்னா வாரேங்க” என்று அவளே சொன்னாள், ஆனால் மூன்று மாதம் ஆகாமல் எடுக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்றாவது பேரைப் பார்த்தபோது மீனாவுக்கு முதலில் பிடிபடவில்லை. ஸ்ரீராம்குமார், திருநகர்.

சாருவின் அண்ணன்.

கீழே குறிப்பு. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து வைத்திருந்தான் சித்தார்த். ‘ஆடி மாதம் டெஸ்ட் பண்ணியாச்சு. அதே ரத்தம். எந்த நேரமும் கூப்பிடலாம். சாருவுக்குத் தெரியக் கூடாது. அப்பா எடுத்தால் வைத்துவிடவும்.’

யாருக்கும் தெரியாமல் மாப்பிள்ளையும் மச்சானும் பேசி முடித்து வைத்திருக்கிறார்கள். மணி பன்னிரண்டு ஐந்து. மீனா நம்பரைச் சுழற்றினாள்.

ஆறாவது தடவை மணி அடித்தபோது எடுத்தார்கள்.

“ஹலோ. பட்டாபிராமன் பேசறேன்.”

மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டுக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே குரல். அப்பா எடுத்தால் வைத்துவிடவும். அவள் விரல் தானாகப் போய் ரிசீவரை வைக்கிற கட்டையில் நின்றது. அழுத்தினால் தீர்ந்தது. ஆனால் அப்புறம் எப்போது கூப்பிடுவது? யாரை?

“ஸ்ரீராம்குமார் சார் இருக்காருங்களா?”

“அவன் பெங்களூர் போயிருக்கான். நாளைக்குத்தான் வருவான். யாரும்மா?”

மீனா கடிகாரத்தைப் பார்த்தாள். நாளைக்கு.

“நான் வில்லாபுரத்துலேர்ந்து… முத்துமீனா. சாருலதாவோட நாத்தனா.”

 இதோ வைக்கப்போகிறார், இதோ வைத்துவிட்டார் என்று அவள் காத்திருந்தாள். பின்னால் டிவியில் நாதஸ்வரம் கேட்டது. “ஜானு, அதை அணை” என்றார் அவர். நாதஸ்வரம் நின்றது.

அவர் வைக்கவில்லை என்பது புரிந்ததும் மீனா எல்லாவற்றையும் கொட்டினாள். ரத்தம், ஆப்பரேஷன், ஒரு மணி, சின்னச்சாமி, எல்லாம்.

“இன்னும் ஒரு யூனிட் வேணும். அப்படித்தானே?”

“ஆமா சார்.”

“ஸ்ரீராமுக்கு இந்த ரத்தம்னு யார் சொன்னா?”

“அண்ணன் எழுதி வச்சிருக்கு.”

“அவனுக்கு அது எங்கேர்ந்து வந்ததுன்னு எழுதியிருக்கானா?”

“இல்ல சார்.”

“எனக்கும் அதேதாம்மா. இருபது வருஷம் முன்னால ஒரு ஆபரேஷன்ல தெரிஞ்சுது. என் ஆத்துக்காரியைத் தவிர யார்கிட்டயும் சொன்னதில்லை.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்கு ஐம்பத்தொன்பது வயசு. எடுப்பாளா?”

“அறுபது வரைக்கும் எடுப்பாங்க சார். எடுப்பாங்க.”

“எந்த ஆஸ்பத்திரி?”

சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். ஆனால் போனை வைக்கவில்லை. 

“டாக்டர் எடுப்பா, சரி.” அந்தக் கனத்த குரல் சின்னதாகப் போயிருந்தது. “என்கிட்டேர்ந்து வாங்கிப்பாளா அவ?”

 ஸ்ட்ரெச்சரில் சோலையின் கையைப் பிடித்துக்கொண்டு மதினி சொன்னது மீனாவுக்கு நினைவு வந்தது. பொய் சொல்ல மனசு வரவில்லை, உண்மையைச் சொல்லவும் பயமாக இருந்தது.

“மதினி மயக்கத்துல இருக்காங்க சார். முழிச்சாத்தான் கேக்க முடியும். முழிக்கணும்ல? நீங்க வாங்க சார்.”

ரிசீவரை வைக்கிற சத்தம் வரவில்லை. எங்கேயோ சாய்த்துப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. “செருப்பு எங்கடி ஜானு?” என்று தூரத்தில் கேட்டது. சாவிக்கொத்து குலுங்கியது. ஸ்கூட்டர் உதைபட்டு, நின்று, மறுபடி உதைபட்டுக் கிளம்பியது. அதற்கு மேல் ஒரு நீளமான கிறீச் சத்தம். இரும்புக் கேட் திறக்கிற சத்தம். அந்தக் கேட் திறந்து மீனா கேட்டதே இல்லை.

மணி பன்னிரண்டு பதினைந்து. ஆஸ்பத்திரி வாசலில் அவள் அப்பா சோலை செருப்பில்லாமல் நின்றுகொண்டிருப்பார். அவராக மறுபடி கூப்பிடுகிற வரைக்கும், யார் வருகிறார் என்று அவருக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை.